மோட்டார் அறைப் பூனைகள்

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி சாலையை ஒட்டி இருக்கிற அந்த மூன்று மாடிக் குடியிருப்பில், தரைத்தளத்து வீட்டை வாங்க யாரும் முன்வரவில்லை. வாசலைத் திறந்தால் எதிரே மோட்டார் அறை. பக்கவாட்டில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடம் என்பதால், காலையில் யாராவது பைக்கைக் கிளப்பினால் புகை நேராக அடுப்படிக்கு வரும். கட்டியவர் அதை வெகுநாள் பூட்டியே வைத்திருந்தார். அனுசியா வந்து பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள். பெரிய கிரைண்டர் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் இழுக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார்கள். "அப்ப எனக்கு இது போதும்" என்றாள்.

அந்த வீட்டுக்கான காசு அவளுக்குச் சும்மா வரவில்லை. நெசவுக் குடும்பம் அவளுடையது. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். இருபத்திரண்டு வயதில் பரமக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனோடு மூன்று வருடம் இருந்தாள். நான்காம் வருடம் ஒரு துணிப்பையோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூத்த அண்ணன் சௌந்தர் உள்ளே விடாமல் நிலைப்படியிலேயே நின்று, "சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிரு. நான் பொறவு வந்து பேசிக்கிறேன்" என்றான்.

"போக மாட்டேன்" என்றாள் அனுசியா.

கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆனால் அண்ணன்மாரோடு அந்த வீட்டில் அவளால் அதிக நாள் இருக்க முடியவில்லை. வாடகைக்கு ஒரு அறை பிடித்து, ஒரு கிரைண்டர் வைத்து, இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தாள். அப்பா இறந்தபிறகு அண்ணன்மார் இரண்டு பேரும் பரம்பரை வீட்டை விற்கக் கிளம்பினார்கள். பொம்பளைக்கு என்ன பங்கு என்று கேட்டார்கள். அனுசியா வழக்குப் போட்டாள். ஒன்பது வருடம் நடந்தது. விட்டுக்கொடுத்துவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. வாய்தா நாளில் காலையிலேயே மாவை ஆட்டி முடித்துவிட்டு, கையில் உளுந்து வாசம் போகாமலே கோர்ட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் பங்கு கிடைத்தது. அதில் வாங்கியதுதான் மோட்டார் அறைக்கு எதிரே இருக்கிற வீடு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூனைகள் விஷயத்தில் அவள் ஏன் அப்படி நின்றாள் என்று குடியிருப்பில் பலபேர் பின்னால் ஆச்சரியப்பட்டார்கள். அவளைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை.

உண்மையில் அவளுக்குப் பூனையைப் பிடிக்காது. மாவு வியாபாரம் செய்கிறவளுக்குப் பூனை எதிரிதான். அண்டாவை மூடாமல் திரும்பினால் போச்சு. முதல் மாடியில் இருந்த ஒரு குடும்பம் மூன்று நிறத்தில் ஒரு பூனையை வளர்த்தது. வெள்ளையில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக இருக்கும். சோபாவில் படுத்துத் தூங்கும் செல்லப் பூனை. அந்தக் குடும்பம் வேலை மாறித் திருப்பூருக்குப் போனது. லாரியில் சோபாவை ஏற்றினார்கள். பூனையை ஏற்றவில்லை.

பூட்டிய கதவுக்கு முன்னால் அது பல நாள் உட்கார்ந்திருந்தது. மாடி ஏறுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கீழே இறங்கி மோட்டார் அறைக்குள் புகுந்துகொண்டது. ஒரு மத்தியானம் அனுசியா அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, அந்தப் பூனை வந்து அந்தத் தண்ணீரை நக்கியது. விலா எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் உருண்டு தொங்கியது. சினையாக இருந்தது.

அனுசியாவுக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். "சோபாவத் தூக்கிட்டுப் போகத் தெரிஞ்சவுகளுக்கு இதத் தூக்கிட்டுப் போகத் தெரியலையாக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே போய்ப் பழைய சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் சந்தைக்குப் போனபோது சாளை மீன் வாங்கினாள். அவள் மீன் சாப்பிடுகிறவள் இல்லை.

மோட்டார் அறையில், பழைய சாக்குக்கு மேலே, அது நான்கு குட்டி போட்டது. தாய்க்கு அனுசியா வைத்த பெயர் பெரியவ. குட்டிகள் வளர வளர அதுகளுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. கறுப்பாக இருந்தது கரியன். சாம்பல் நிறத்தது சாம்பல். யாரோ பின்னால் பார்க்காமல் காரை எடுத்தபோது சக்கரத்தில் மாட்டிக் கால் கோணிப்போனது நொண்டி. எப்போதும் கடைசியாகத் தின்ன வருவது சின்னவ. அவள் அதுகளோடு கன்னடத்தில்தான் பேசுவாள். வா வா என்பதற்குக் கன்னடத்தில் "பா, பா". அப்படிக் கூப்பிட்டால் ஐந்தும் ஓடி வரும். அம்மா செத்துப்போன பிறகு அந்தப் பாஷையில் பேசுவதற்கு அவளுக்கு வேறு யாரும் இல்லை.

குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் சுப்புராஜ். டவுனுக்குள் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், மூன்றாம் மாடிக்காரர். வருடா வருடம் அவரைத்தான் போட்டியில்லாமல் தேர்ந்தெடுப்பார்கள். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் இல்லாத கோடையில் தன் செலவில் லாரித் தண்ணீர் இறக்கியவர். அவர் ஒருநாள் அனுசியாவின் வாசலுக்கு இறங்கி வந்தார்.

"நல்ல வார்த்தையாச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேம்மா. மருமக உண்டாயிருக்கா. கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு இப்பத்தான் தங்கிருக்கு. பூனைக் கழிவுல ஏதோ கிருமி இருக்காம், வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். நெட்டுல போட்டிருக்கு. நீ சோறு வைக்கிறத நிறுத்திட்டன்னா அதுக தானாப் போயிரும்."

"எங்க போகும் அண்ணாச்சி?"

"எங்கயாச்சும் போகும். பூனைதான."

அனுசியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "உங்க மருமகளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்கிறது நியாயந்தான். நான் பின்னால மணல் கொட்டிப் பழக்குறேன். கழிவ நானே அள்ளிக் குழியில போட்டு மூடுறேன். மாடிப்பக்கம் வராமப் பாத்துக்கிறேன். இனிமே பெருகாம இருக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷனும் பண்ணிருறேன். ஆனா சோத்த நிறுத்த மாட்டேன்."

கடைசி வார்த்தை சுப்புராஜுக்குப் பழக்கமில்லாதது. திரும்பிப் படி ஏறிப் போனார்.

அனுசியா சொன்னதையெல்லாம் செய்தாள். கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டு மணல் கொண்டுவந்து சுவரோரம் கொட்டினாள். தினமும் காலையில் மாவு வேலையைத் தொடுவதற்கு முன்னால், பழைய சேலையைக் கட்டிக்கொண்டு அள்ளிக் கொட்டிவிட்டு வந்து குளித்தாள். பிளாஸ்டிக் பழக்கூடை ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டி, அதற்குள் பெரியவளை வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். முழங்கை வரை கீறல். டாக்டர் தேவிபிரியா சிறு வயதுக்காரர். அந்தக் கையைப் பார்த்து, "முதல்ல உங்களுக்கு ஊசி போடணும்மா, ஜி.ஹெச்சுக்குப் போயிட்டு வாங்க" என்றார். பெரியவளுக்கு ஆபரேஷன் முடிந்தது. தையல் ஆறும் வரை ஓட விடாதீர்கள், மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள் என்றார்.

அந்த வாரத்தில்தான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அனுசியாவின் வாசல்படியில் சாம்பல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் மாவு அண்டா. படத்துக்குக் கீழே, 'இந்த மாவைத்தான் நாம் சாப்பிடுகிறோம்' என்று எழுதியிருந்தது. அண்டா கழுவிக் காயவைத்துக் கவிழ்த்திருந்தது என்பது படத்தில் தெரியவில்லை. மாடிப்படியில் நின்று எடுத்த படம். எடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. குழுவிலிருந்து படம் தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு. மாவு வாங்கத் தூக்குவாளியோடு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இரண்டாம் மாடியில் இருக்கும் ஆசிரியை முத்துலட்சுமி மட்டும் வந்து சொன்னாள். "அக்கா, வீடு வீடாப் போயி ஒரு வார்த்தை வெளக்கிச் சொல்லிட்டு வாங்களேன். இல்லாட்டி கொஞ்ச நாளைக்குப் பூனைகள வேற பக்கம் வெச்சுச் சோறு போடுங்க. ஏன் வம்பு?"

"தப்புப் பண்ணவதான் டீச்சர் வீடு வீடாப் போகணும்" என்றாள் அனுசியா.

அவள் செய்தது வேறு. வாசலில் தொங்கிய திரையைக் கழற்றி எறிந்தாள். ஆசாரியைக் கூப்பிட்டுக் கம்பிவலைக் கதவு ஒன்று போட்டாள். உள் அறையில் இருந்த கிரைண்டரை அந்தக் கதவுக்கு நேர் பின்னால் நகர்த்தினாள். கேட்டில் நுழைகிற யாரும் அவள் அரிசி கழுவுவதையும் மாவு வழிப்பதையும் பார்த்துக்கொண்டே போகலாம். கதவுக்கு இந்தப் பக்கம் பூனைகள் படுத்திருக்கும், அந்தப் பக்கம் மாவு பொங்கும். யாராவது தயங்கி நின்றால், "நல்லா நின்னு பாருங்க. பாத்துட்டு வேணும்னா வாங்குங்க" என்பாள். சிலபேர் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலபேர் வாங்கினார்கள்.

பங்குனி மாதத்தில் நரிக்குடியில் ஒரு கல்யாணம். அவளை இன்னும் மதித்துப் பத்திரிகை வைக்கிற ஒரே சொந்தம், அம்மா வழி உறவு. போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது மோட்டார் அறைப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. "பா, பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தட்டு கவிழ்ந்து கிடந்தது. பெரியவளை உள்ளே வைத்து அடைத்திருந்த கூடை திறந்து கிடந்தது.

காவலாளி ராஜகுரு கேட்டருகே நாற்காலியில் இருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். அனுசியா போய் எதிரே நின்றாள்.

"ராஜகுரு அண்ணே, எம் மூஞ்சியப் பாருங்க."

அவர் தரையைத்தான் பார்த்தார். "லோடு ஆட்டோ வந்துச்சு தாயி. மேல இருந்து சொன்னாக. சாக்கு நாந்தான் புடிச்சேன். புடிக்கலைன்னா நாளைக்கு எனக்கு இந்த வேலை கெடையாது."

"எங்க கொண்டுபோனாக?"

"பரளச்சி தாண்டிக் கம்மாக்கரையில அவுத்து விட்டுட்டு வந்துட்டேன்னு ஆட்டோக்காரன் சொன்னான்."

"தையல் போட்டவளையுமா?"

ராஜகுரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அதாந்தாயி ஓட மாட்டாம மொதல்ல ஆப்ட்டுச்சு."

அனுசியா வீட்டுக்குள் போனாள். மறுநாளைக்கு ஊறவைக்க எடுத்திருந்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினாள். காலையில் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கம்பிவலைக் கதவில் மாட்டினாள்: 'இன்று மாவு இல்லை. பூனைகளைத் தேடப் போகிறேன்.' அதை எல்லோரும் படித்தார்கள். சிரித்தவர்களும் உண்டு. சுப்புராஜ் கடைக்குக் கிளம்புகிறபோது வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்.

இரண்டு பழக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு பரளச்சியில் பஸ் இறங்கினாள். ஊரைத் தாண்டினால் கரிசல் காடு. பஞ்சு எடுத்து முடிந்த பருத்திச் செடிகளின் காய்ந்த மார் மட்டும் நின்றது. கண்மாய் வற்றி, கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கரை நெடுகச் சீமைக்கருவேலம். அதற்குள் குனிந்து குனிந்து, சேலை முள்ளில் மாட்டக் கிழியக் கிழிய, "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். வெயில் ஏறியது. நாய்கள்தான் குரைத்தன.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வெகுநேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருவம்மாள் என்று பெயர். அனுசியாவைவிட நாலைந்து வயது மூத்தவள். கையில் ஆட்டுக்குத் தழை இழுக்கிற துரட்டிக் கம்பு. அருகே வந்து, "யாரத் தேடுற தாயி? மாடு கன்னு காணாமப் போச்சா?" என்றாள்.

"பூனைய."

"பூனையவா? எந்த ஊரு நீ?"

"அருப்புக்கோட்டை."

"அங்கருந்து பூனையத் தேடியா பஸ் ஏறி வந்த?"

"நான் கொண்டாந்து விடல. எங்கிட்டச் சொல்லாமச் சாக்குல கட்டிக் கொண்டாந்து விட்டுட்டாக. அதுல ஒண்ணுக்கு வயித்துல தையலு."

குருவம்மாள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அனுசியாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்துப் பொழுது சாயிற நேரம் அந்தப் பாலத்துக்கு அடியில பிள்ளை அழுகுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. வா" என்றாள்.

சாலைக்குக் குறுக்கே போகிற சிமெண்டுக் குழாய்க்குள் சாம்பலும் நொண்டியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. அனுசியாவின் குரலைக் கேட்டதும் நொண்டி கத்தியது. அனுசியா மண்ணில் படுத்து, தோள் வரை கையை நீட்டி இரண்டையும் இழுத்தாள். குருவம்மாள் தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஓர் உடைந்த ஓட்டில் ஊற்றி வைத்ததும், மூக்கு முங்குகிற அளவுக்கு அவை குடித்தன.

பெரியவளைக் குருவம்மாள்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் சொல்லவில்லை. "இந்தப் பக்கம் வந்து பாரு" என்று மட்டும் கூப்பிட்டாள். கருவேல மரத்தடியில் கிடந்தது. நாய்கள் தொடவில்லை. தையல் பிரிந்து, எறும்பு மொய்த்து, நாக்கு உலர்ந்திருந்தது. தவழ்ந்து வந்த தடம் மண்ணில் தெரிந்தது. சாலையை நோக்கித்தான் வந்திருந்தது.

அனுசியா பக்கத்தில் உட்கார்ந்து எறும்புகளைத் தட்டிவிட்டாள்.

"அழுகுறதுன்னா அழுதுரு தாயி. இங்க யாரு பாக்கப் போறா" என்றாள் குருவம்மாள்.

"அழுக வரல. கோவந்தான் வருது."

"அப்பக் கோவத்தோட தோண்டு" என்று துரட்டியைத் திருப்பிப் பிடித்து நீட்டினாள்.

கரிசல் மண் இறுகிக் கிடந்தது. துரட்டிக் கம்பாலும் உடைந்த ஓட்டாலும் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். நாய் தோண்டாமல் இருக்க முள்ளை வெட்டி மேலே போட்டாள் குருவம்மாள். அன்றைக்கு மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. தன் கண்ணில் பட்டால் பிடித்து வைப்பதாகச் சொல்லிக் குருவம்மாள் அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னம்மா இது? பூனையெல்லாம் ஏத்த முடியாது. எறங்கு."

"கோழி ஏத்துறீகல்ல?"

"கோழி வேற."

"என்ன வேற? கோழிக்கு எம்புட்டு லக்கேஜோ அம்புட்டப் போடுங்க. எறங்க மாட்டேன். எறக்கணும்னா கூடையோட சேத்து என்னையத் தூக்கித்தான் எறக்கணும்."

பஸ்ஸில் கூட்டம். முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருத்தர், "போடுய்யா, அந்தப் பொம்பளை சேலையப் பாரு, எங்கயோ முள்ளுக்குள்ள கெடந்து வந்திருக்கு" என்றார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். பிள்ளைகள் வண்டி நிறுத்துமிடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அனுசியா பின்பக்கமாகப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. கிழிந்த சேலையும் கையெல்லாம் மண்ணுமாகக் கேட்டைத் திறந்து, வண்டிகளுக்கு நடுவே கூடைகளை வைத்து, கயிற்றை அவிழ்த்தாள். சாம்பலும் நொண்டியும் வெளியே வந்தன. உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க அங்கேயே சோறு வைத்தாள்.

சுப்புராஜ் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "என்னம்மா, வீம்புக்குப் பண்றியா?"

"ஆமா அண்ணாச்சி, வீம்புக்குத்தான். அஞ்சக் கொண்டுபோனீக. ஒண்ணு செத்துப்போச்சு. வயித்துத் தையலோட கொண்டுபோய் வெயில்ல போட்டிருக்கீக. அது ரோட்டப் பாத்துத் தவழ்ந்து வந்து செத்திருக்கு. அத மண்ணுல போட்டுட்டு இப்பத்தான் வாரேன்."

"நான் கொல்லச் சொல்லல. காட்டுல விட்டா எலி கிலி தின்னு பொழைச்சுக்கிரும்னு..."

"சோபாவுல வளந்தது அண்ணாச்சி அது. அதுக்கு எலி தெரியாது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இன்னொரு சாக்கு இந்தக் கேட்டத் தாண்டுச்சுன்னா நான் ஸ்டேஷன்ல போய் உக்காருவேன். எழுந்திரிக்க மாட்டேன். ஒம்பது வருசம் கோர்ட்டுக்கு நடந்தவ நான். எனக்கு உக்காரத் தெரியும். வாச்மேன் அண்ணனை வேலைய விட்டு நிறுத்துனாலும் அதே கதைதான்."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் போட்டார்கள். வண்டிகளை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பொது இடத்தில் பிராணிகளுக்கு உணவு வைக்கக் கூடாது என்று தீர்மானம். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சுப்புராஜ். அனுசியா எழுந்தாள்.

"என் வாசப்படி பொது இடமா?"

"அது உன் வீடு."

"அப்ப அங்க வைப்பேன். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"பதினோரு வீட்டுக்காரங்க ஒத்துக்கிறாக, நீ ஒருத்தி மட்டும் ஏம்மா இப்பிடி? எங்க வீட்டுல வாயும் வயிறுமா ஒரு பிள்ளை இருக்கு. அதை நெனைச்சாவது..."

மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா." சுப்புராஜின் மருமகள் சத்யபிரியா. ஏழு மாத வயிற்றோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டங்களில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் டாக்டர்கிட்டக் கேட்டேன் மாமா. பூனைக் கழிவ நான் தொடாம இருந்தா போதும், கையக் கழுவுனா போதும்னு சொன்னாக. எம் பேரச் சொல்லி எதுவும் செய்யாதீக. செத்துப்போன பூனையும் பிள்ளை பெத்ததுதான். அத நெனைச்சு எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் வரல."

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சுப்புராஜ் தீர்மானக் காகிதத்தை மடித்துக்கொண்டே, "சரி, மேல போம்மா, படி ஏறி இறங்காத" என்றார். தீர்மானம் நிறைவேறத்தான் செய்தது. அனுசியா கையெழுத்துப் போடவில்லை. மோட்டார் அறைச் சுவரில், அவர் கடைப் பெயிண்டிலேயே, பொது இடத்தில் உணவு வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். அதற்கு எதிரே பத்தடி தூரத்தில், தன் படியில், அவள் காலையும் மாலையும் தட்டை வைத்தாள்.

நாலைந்து நாள் கழித்துக் குருவம்மாள் போன் செய்தாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் பம்புசெட் கொட்டகையில் சின்னவ இருந்தாள். அனுசியா போய்த் தூக்கி வந்தாள். கரியன் வேறு கதை. அவன் குருவம்மாளின் ஆட்டுக்கொட்டிலுக்கே போய்ச் சேர்ந்திருந்தான். அனுசியா கூடையைத் திறந்தபோது, ஓர் ஆட்டுக்குட்டியின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. "பா, பா" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"அது இங்கயே இருக்கட்டுமே தாயி" என்றாள் குருவம்மாள். "பாலுக்குப் பஞ்சமில்ல."

அனுசியாவுக்கு மனசில்லை. ஆனால் பிடித்து இழுத்துப் போகவும் அவள் விரும்பவில்லை. அவனையும் ஒருநாள் தேவிபிரியாவிடம் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, ஆறும் வரை வைத்திருந்து, திரும்பப் பரளச்சிக்குக் கொண்டுபோய் விட்டாள். மற்ற மூன்றுக்கும் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே குட்டி பிறக்கவில்லை.

வியாபாரம் முன்பிருந்த அளவுக்குத் திரும்பவில்லை. போனவர்களில் சிலர் போனவர்கள்தான். ராஜகுரு வேலையில் இருக்கிறார். அவள் வெளியூர் போகிற நாளில் தட்டை வைப்பது அவர். அவள் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். சத்யபிரியாவுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டுக்கு இப்போது மாவு அனுசியாவிடமிருந்துதான் போகிறது. வாங்க வருவது சத்யபிரியா. சுப்புராஜ் அனுசியாவைக் கடந்து போகும்போது போனைப் பார்த்துக்கொண்டு போவார்.

ஆடியில் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம் வந்தது. கணக்கு வாசித்து, டீ கொடுத்து, கடைசியில் வழக்கம்போல ஒருவர் எழுந்து, "செயலாளரா அண்ணாச்சியே தொடரட்டும். வேற யாரும் நிக்கிறீகளா?" என்று பேச்சுக்குக் கேட்டார். வழக்கமாக அதற்குள் பாதிப்பேர் எழுந்திருப்பார்கள்.

"நான் நிக்கிறேன்" என்றாள் அனுசியா.

இதுவரை அங்கே ஓட்டு எடுத்ததே இல்லை. எப்படி எடுப்பது என்று கொஞ்ச நேரம் குழம்பினார்கள். முத்துலட்சுமி டீச்சர் வீட்டிலிருந்து காகிதம் கொண்டுவந்து துண்டு போட்டாள். வீட்டுக்கு ஒரு துண்டு. ராஜகுரு ஒரு தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். எண்ணியபோது சுப்புராஜுக்கு எட்டு, அனுசியாவுக்கு நாலு.

கூட்டம் கலைந்த பிறகு சுப்புராஜ் அவளருகே வந்தார். நாலு மாதத்தில் அவளோடு பேசிய முதல் பேச்சு. "என்னம்மா, ஜெயிச்சிருவோம்னு நெனச்சியா?"

"இல்ல அண்ணாச்சி. என் வீட்டு ஓட்டு ஒண்ணுதான் விழும்னு நெனச்சேன்." நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அடுத்த வருசமும் நிப்பேன்."